தொடர்பு அறுந்தாலும் பேர் அறுபடக் கூடாது

சோளகக் காற்று எழும் மாதங்களில் குறிகாட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நயினாதீவுப் படகு தள்ளாடியாவது போய்ச் சேர்ந்துவிடும். நெடுந்தீவுக்குப் போக வேண்டிய குமுதினியோ வடதாரகையோ சில நாட்களில் கட்டிய கயிறு அவிழாமல் நிற்கும். அந்த நாட்களில் தபால் பையும் கரையில்தான் கிடக்கும். கடல் அடங்கியதும் பை போகும். எந்தக் கடிதம் என்றைக்கு எழுதப்பட்டது என்பதைத் தபால் முத்திரை சொல்லும். படகு ஓடாத நாளைக் காட்டி, "நெடுந்தீவாருக்குக் கடிதமே இல்லை" என்று எந்தத் தபாற்காரரும் கணக்கெழுத மாட்டார்.

தோட்டத் தொழிலாளரின் பத்திரிகையில் தீவகத்துப் படகுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் உண்டு.

நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பார்க்கப் போய்வந்த நமது அங்கத்தவர் ஒருவர் சொன்ன சம்பவம் இது. சம்பந்தியம்மாவுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய சிறு கருவி ஒன்றைக் கையின் மேற்புறத்தில் ஒட்டியிருக்கிறார். சில்லறைக் காசு அளவுதான் இருக்கும். அது உடம்பின் சீனி அளவை எடுத்து, கம்பியில்லாமல் கைத்தொலைபேசிக்கு அனுப்பும். அளவு குறைந்தால் தொலைபேசி சத்தமிடும். யாழ்ப்பாணம் போகிற வழியில், கடல் நீர் படாதிருக்கத் தொலைபேசியைப் பொலித்தீனில் சுற்றி, படகின் முன்பக்கம் சாமான்களோடு வைத்துவிட்டார்கள். அம்மா கீழே இருந்தார். நடுக்கடலில் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பக்கத்தில் இருந்தவர் கொடுத்த இனிப்பும் சோடாவும்தான் காப்பாற்றின. கரைக்கு வந்து தொலைபேசியைக் கையில் எடுத்ததும் விடுபட்ட அளவுகள் எல்லாம் திரையில் ஏறின. அளவு குறைந்த நேரம் அதில் தெளிவாக இருந்தது. கருவி தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் சத்தம் மட்டும் வேண்டிய நேரத்தில் வரவில்லை.

இது ஏன் நடந்தது? இத்தகைய கருவிகள் பெரும்பாலும் புளூடூத் என்ற குறுந்தூர வானொலி அலையில் பேசுகின்றன. மனித உடம்பில் பெரும்பங்கு நீர். அந்த அலையை நீர் விழுங்கும். ஆகவே தொலைபேசி தூரத்தில் இருந்தாலும், நடுவே பத்துப் பேர் நெருக்கி நின்றாலும் தொடர்பு அறும். அறுவதைத் தடுக்க முடியாது. அறுந்த பின் கருவி என்ன செய்கிறது என்பதில்தான் நல்ல கருவியும் கெட்ட கருவியும் பிரிகின்றன.

நல்ல கருவி, எதிர்ப்பக்கம் பதில் சொல்லாவிட்டாலும் அளப்பதை நிறுத்தாது. எடுத்த ஒவ்வொரு அளவுக்கும் நேரமும் தொடர் இலக்கமும் போட்டுத் தனக்குள்ளே வைத்துக்கொள்ளும். இடையிடையே தொலைபேசியைக் கூப்பிட்டுப் பார்க்கும். ஓயாமல் கூப்பிட்டால் பற்றரி தீரும் என்பதால், நேரம் போகப் போக இடைவெளியைக் கூட்டிக் கூப்பிடும். தொடர்பு வந்ததும் பழையதிலிருந்து வரிசையாக அனுப்பும். "கிடைத்தது" என்ற பதில் வந்த பிறகே தன்னிடமுள்ளதை அழிக்கும். ஒன்றே இரண்டு தரம் போனாலும் தொடர் இலக்கத்தைப் பார்த்து ஒன்றாகவே எண்ணலாம். குறிகாட்டுவான் தபால் பையும் இந்த முறையில்தான் இயங்குகிறது.

சேமிப்புக்கும் எல்லை உண்டு. சீனி அளக்கும் கருவிகளில் பலரும் அறிந்த ஃப்ரீஸ்டைல் லிப்ரேயின் சில வகை ஒட்டிகள், 8 மணி நேர அளவுகளையே வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் பழையது அழிந்து புதியது ஏறும். அந்த இடம் திரையில் வெறுமையாகவே இருக்க வேண்டும். அங்கே பூச்சியம் போடுவதும், முன்னும் பின்னும் பார்த்து ஒரு கோடு இழுத்து நிரப்புவதும் பொய்க் கணக்கு.

இனி நமது பிரட்டுக்களத்துக்கு வருவோம். கொழுந்து நிறுக்க இலத்திரனியல் தராசுகள் தோட்டங்களுக்கு வந்துவிட்டன. வருகையைப் பதிய விரல் அடையாள இயந்திரங்கள் பல வேலைத்தளங்களில் இருக்கின்றன. உடம்புச் சூட்டையும் நாடித்துடிப்பையும் அளந்து, வெயிலில் வேலை செய்பவரை எச்சரிக்கும் கைப்பட்டிகள் உலகில் பல தொழில்களில் புழங்குகின்றன. நாளை அவை நமது மலைக்கும் வரலாம். வரட்டும், நாம் கருவிக்கு எதிரிகள் அல்லர். ஆனால் அலைவரிசை எட்டாத பள்ளங்கள் நிறைந்த மலை நமது மலை. தொடர்பு அங்கேயும் அறும். அப்போது நட்டம் யார் தலையில் விழும்?

காலை, பகல், மாலை என்று நிறுக்கும் கொழுந்தில் ஒரு நிறுவை பதிவாகாமல் போனால், முழுப்பேர் அரைப்பேராகிவிடும். 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை 1,550 ஆக்கவும், அதற்கு மேல் வருகைக்கென நாளொன்றுக்கு 200 ரூபாய் அரசு வழங்கவும் முன்மொழிந்தது. வருகைக்குக் காசு என்றால், வருகைப் பதிவில் விழும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குடும்பத்தின் அரிசியில் விழும் ஓட்டை.

ஆகவே எந்த நிர்வாகம் எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும், தோட்டக் கமிட்டிகள் முதல் நாளே ஐந்து விடயங்களைக் கேட்க வேண்டும்.

ஒன்று, தொடர்பு இல்லாதபோது கருவி எத்தனை மணி நேரக் கணக்கைத் தனக்குள் வைத்திருக்கும்?

இரண்டு, பதிவு இல்லாத நேரம் வேலை இல்லாத நேரமாக எழுதப்படாது என்பதை எழுத்தில் தருவார்களா?

மூன்று, ஒவ்வொரு நிறுவைக்கும் தொழிலாளியின் கையில் ஒரு துண்டு கிடைக்குமா? கருவி மறந்தாலும் துண்டு பேசும்.

நான்கு, உடல்நலக் கருவியானால் எச்சரிக்கைச் சத்தமோ அதிர்வோ உடம்பில் உள்ள கருவியிலேயே எழுமா? வெயிலில் மயங்குகிறவருக்கு, அலுவலகத் திரையில் எரியும் சிவப்பு விளக்கால் பயனில்லை. தொடர்பு அறுந்ததையும் அந்தக் கருவியே அவருக்குச் சொல்ல வேண்டும்.

ஐந்து, செக்ரோல் மூடப்படுமுன் தன் கணக்கைத் தொழிலாளி பார்க்கவும் திருத்தக் கேட்கவும் வழி உண்டா? தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்தக் கோரவும் உள்ள உரிமையை 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது.

சீனி அளக்கும் கருவி அணிந்துள்ள நமது குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியைப் பையின் அடியில் போடாமல் உடம்போடு வையுங்கள். பயணத்தில் இனிப்பு ஒன்று மடியில் இருக்கட்டும். வியர்த்து நடுங்கினால் கருவியின் சத்தத்துக்குக் காத்திராமல் உடம்பு சொல்வதைக் கேளுங்கள்.

தோழர்களே, கங்காணியின் பென்சில் தவறியபோது நாம் கேட்டோம், கணக்கப்பிள்ளையின் தராசு சாய்ந்தபோதும் கேட்டோம். கருவி வாய் மூடும்போதும் கேட்போம். தபால் பை கரையில் கிடந்தது என்பதற்காகக் கடிதம் எழுதவில்லை என்றாகாது. பதிவு வரவில்லை என்பதற்காக நாம் வேலை செய்யவில்லை என்றும் ஆகாது.