ஒரு ஜன்னல்தானே பாஸ், இடிச்சா என்ன?

வீட்டைப் புதுசு பண்றேன்னு கிளம்புற நம்ம சேலம், நாமக்கல் சொந்தங்களுக்குப் புதுசா ஒரு காய்ச்சல் வந்திருக்கு. பேரு பிரெஞ்சு டோர். ஹால் ஜன்னலைப் பேத்து எடுத்துட்டு, தரை வரைக்கும் கண்ணாடி வச்ச ரெட்டைக் கதவு. கைப்பிடி மட்டும் நாலாயிரம், அஞ்சாயிரம்னு பெருமையா சொல்றாங்க. "சுவரை யாரு பாத்தாங்க?"ன்னு கேட்டா மட்டும் எல்லாரும் ஒரே பதில்: "மேஸ்திரி பாத்துக்குவாரு".

எனக்குக் கடுப்பு கதவு மேல இல்ல மக்கா. இந்த "பாத்துக்குவாரு" மேலதான்.

முதல்ல ஒரு விஷயம். நம்மூர்ல பெரும்பாலும் ஜன்னலுக்கும் கதவுக்கும் லிண்டல் மட்டம் ஒண்ணுதான், தரையிலேர்ந்து ஏழடி. அதனால நாலடி ஜன்னலை அதே நாலடி அகலத்துல கதவாக்கணும்னா, லிண்டலைத் தொடவே வேண்டாம். ஜன்னலுக்குக் கீழ இருக்குற மூணடி சுவரை எடுத்தா போதும். அந்தத் துண்டு மேல பெருசா பாரம் கிடையாது. நாலடியில ரெண்டு ரெண்டடிக் கதவு தாராளமா வரும், பீரோவையே உள்ள கொண்டு போகலாம்.

ஆனா யாரு நாலடியோட நிறுத்துறாங்க? படத்துல பாத்தது எட்டடி. இல்லாட்டி ஆறடியாவது வேணுமாம்.

இங்கதான் வில்லங்கம். தூண் வச்சுக் கட்டின வீட்ல சுவர் வெறும் அடைப்பு; தூணையும் பீமையும் தொடாத வரைக்கும் பெருசா பயமில்ல. பழைய வீடு அப்படி இல்ல. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர்தான் தூண், பீம் எல்லாமே. மொத்தத் தளமும் அது தலைமேல உக்காந்திருக்கு. மண் சாந்து வச்சுக் கட்டின சுவரா இருந்தா இன்னும் மோசம்.

செங்கல் ஒண்ணு மேல ஒண்ணு மாத்தி மாத்தி அடுக்கியிருக்குறதால, ஜன்னலுக்கு மேல இருக்குற பாரம் முழுசும் லிண்டல் மேல வராது. ஜன்னல் அகலத்தை அடியா வச்சு ஒரு சமபக்க முக்கோணம் போடுங்க. அதுக்குள்ள இருக்குற சுவரோட எடைதான் லிண்டலுக்கு. மிச்சம் ரெண்டு பக்கச் சுவருக்கும் இறங்கிடும். நாலடி ஜன்னல்னா முக்கோண உயரம் மூணரை அடி, எடை கால் டன்னுக்குக் கொஞ்சம் மேல. பதினோரு அடி உயர வீட்ல லிண்டலுக்கு மேல நாலடி சுவர் இருக்கும். சரியாப் போச்சு.

அதையே ஆறடி ஆக்குங்க. முக்கோணம் அஞ்சடியைத் தாண்டும், ஆனா சுவர் இருக்குறது நாலடிதான். அப்ப தளத்தோட பாரமும் லிண்டல் கணக்குல சேந்துடும். மரவிட்டம் போட்ட பழைய வீட்ல, விட்டத்தோட முனை நேரா அந்த இடத்துலயே உக்காந்திருந்தா? மொத்த பாரமும் ஒரே புள்ளியில. நம்ம பக்கம் பழைய வீடுகள்ல கருங்கல் பலகையையே லிண்டலா வச்சிருப்பாங்க. கல்லு அமுக்கினா தாங்கும், வளைச்சா தாங்காது. வளையாமலே பட்டுனு போயிடும், முன்னறிவிப்பு கிடையாது.

எங்க மாமா ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னேன். "ஏம் மாப்ள, முப்பது வருசமா வூடு கட்டறவருங்க அவரு. நீ கம்ப்யூட்டரு தட்டறவன், அவருக்கு சொல்லித் தர்றியாக்கும்?"னாரு. நியாயமான கேள்விதான். ஆனா முப்பது வருசமும் அவர் கட்டினது புதுச் சுவரு. ஏற்கனவே பாரம் சுமந்துக்கிட்டு நிக்கிற சுவரை அறுக்குறது வேற வேலை. நம்ம பாஷையில சொன்னா, புதுசா கோட் எழுதுறவனைக் கூட்டிட்டு வந்து, ஓடிக்கிட்டிருக்குற பேங்க் சர்வர்ல கை வைக்கச் சொல்ற மாதிரி. அங்க தப்பா போனா பழைய வெர்ஷனைத் திருப்பிப் போட்டுக்கலாம். இங்க கீழ நிக்கிறது சிமெண்ட் சட்டி தூக்குற அக்கா.

2017 ஜூலையில மும்பை காட்கோபர்ல ஒரு நாலு மாடிக் குடியிருப்பு விழுந்து 17 பேர் செத்தாங்க. தரைத்தளத்துல மாத்தியமைக்கிற வேலை நடந்துக்கிட்டிருந்த கட்டடம் அது. நம்ம வீடு அவ்வளவு பெருசு இல்லதான். ஆனா செங்கல்லுக்கு அதெல்லாம் தெரியாது.

அகலப்படுத்தியே தீரணும்னா வழி இருக்கு. சுவர்ல மேல ஓட்டை போட்டு குறுக்குக் கட்டை சொருகி, ரெண்டு பக்கமும் ஜாக்கி முட்டு குடுக்கணும். சுவர் கனத்துல பாதிப் பாதியா அறுத்துப் புது லிண்டல் வைக்கணும். ரெண்டு பக்கமும் குறைஞ்சது ஆறு இஞ்சாவது சுவர்ல ஏறி உக்காரணும். காங்கிரீட்டை அங்கேயே போட்டா முட்டை 14 நாளுக்கு எடுக்கக் கூடாது. மறுநாளே பிரிச்சு அடுத்த சைட்டுக்குத் தூக்கிட்டுப் போறதை நானே பாத்திருக்கேன்.

இன்னொண்ணு. 2002 நிலநடுக்க வரைபடத்துல சேலம் மூணாவது மண்டலம். ஐஎஸ் 4326னு ஒரு விதிநூல் இருக்கு. ஒரு தளம் மட்டும் உள்ள செங்கல் வீட்ல, ஒரு சுவர்ல கதவு ஜன்னல் அகலத்தை எல்லாம் கூட்டினா சுவர் நீளத்துல 50-லேர்ந்து 60 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு சொல்லுது. மேல மாடி எடுத்தா 42-லேர்ந்து 50தான். மாமா வீட்டு ஹால் சுவர் பன்னெண்டடி, அதுல ஏற்கனவே மூணடி வாசக்கதவு. எட்டடிக் கதவையும் வச்சா மிஞ்சுறது ஒரே அடி. அதுக்கு சுவருன்னு பேரா?

சரி, பிரெஞ்சுன்னு பேரு வச்சிருக்கோமே, பிரெஞ்சுக்காரன் நம்ம ஊரு வெயில்ல என்ன பண்ணான்? பாண்டிச்சேரி வீடுகளைப் பாருங்க. உயரமான திறப்புதான், ஆனா சட்டம் சட்டமா சாய்ச்சு வச்ச மரக் கதவு. காத்து வரும், வெயில் வராது. நம்மாளு அந்த மரத்தை விட்டுட்டுக் கண்ணாடியை மட்டும் புடிச்சுக்கிட்டான். அதுவும் மேக்குப் பாத்த சுவர்ல! சாதாரணக் கண்ணாடி வெயில் சூட்டுல முக்கால்வாசிக்கு மேல உள்ள விட்டுடும். ஏப்ரல்ல 39 டிகிரி அடிக்கிற ஊர்ல இது கதவு இல்ல, அடுப்பு. ரெண்டே மாசத்துல கனமான திரைச்சீலை தொங்கும், பக்கத்துல ஏசி ஓடும்.

கதவுக்கு செலவு பண்றதுல பாதி கூட வேண்டாம், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரு தடவை வந்து பாக்குறதுக்கு. அந்தக் காசுக்குத்தான் நம்ம ஆளுங்க அப்படி மூக்கால அழுவுறாங்க.

மாமா இப்போதைக்கு வடக்குப் பக்க நாலடி ஜன்னல்னு இறங்கி வந்திருக்காரு. மேல சன்ஷேடு ரெண்டடி இழுக்கணும், ஐப்பசி சாரல் உள்ள அடிக்காம கீழ ரெண்டு இஞ்ச் படி வைக்கணும்னு சொல்லியிருக்கேன். "படி தடுக்கி வுளுந்தா நீதான் ஆஸ்பத்திரி செலவு பாக்கோணும் மாப்ள"ங்கிறாரு. :-)