புதுசு வரப்போகிறதாம்! பழைய சரக்கு யார் தலையில்?

'புது மாடல் வரப்போகிறதாம்' என்ற மூன்று சொற்கள் போதும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வியாபாரம் அன்றைக்கே படுத்துவிடும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கேமரா விற்கும் வியாபாரிகளுக்கு இது பழகிப்போன சங்கடம். 'பருப்பும் புளியும் விற்கிற நமக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நாமும் இதே சங்கடத்தில் முப்பத்தெட்டு நாள் தவித்தோம். ஆகவேதான் நம் சங்க இதழில் கேமராவைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் கேமராக்காரர் கதையைப் பார்ப்போம். கல்யாண மண்டபங்களில் ஸ்டூடியோக்காரர் கழுத்தில் தொங்கும் கேமராக்களில் ஜப்பான் நாட்டுக் கேனான் கம்பெனியின் சரக்கு கணிசமானது. அந்தக் கம்பெனியின் 'ஆர் 6' என்ற மாடல் 2020 ஜூலையில் அறிமுகமானது. அதன் இரண்டாம் பதிப்பு 2022 நவம்பரில் வந்தது. மூன்றாம் பதிப்பு 2025 நவம்பரில் வந்தது. முதல் இடைவெளி இருபத்தெட்டு மாதம். அடுத்தது முப்பத்தாறு மாதம். இதில் நிலையான கணக்கு ஏதும் இல்லை. கம்பெனியும் வெளியிடும் நாள் வரை வாய் திறப்பதில்லை. ஆனால் இரண்டு வருடம் கடந்தவுடன் வதந்தி கிளம்பிவிடுகிறது. 'அடுத்த மாதம் வருகிறது', 'புது லென்ஸும் கூட வருகிறது' என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

வதந்தி கிளம்பியதும் ஸ்டூடியோக்காரர் கையை மடக்கிக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு கேமரா பாடிக்கு லட்சக்கணக்கில் போடுகிறவர், 'நாலு மாதம் பொறுத்தால் புதுசே வாங்கலாமே, இல்லாவிட்டால் பழையதின் விலையாவது இறங்குமே' என்று நினைப்பது இயற்கை. ஆனால் கடைக்காரர் பொறுக்க முடியாது. அவர் ரொக்கம் கொடுத்தோ, வங்கிக் கடன் எடுத்தோ ஆறு பாடி, பத்து லென்ஸ் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். வட்டி தினமும் ஏறுகிறது. புதுசு வந்த அன்று பழைய பாடியின் மதிப்பு சட்டென்று இறங்குகிறது. பெட்டி பிரிக்கவில்லை, கீறல் விழவில்லை, சரக்கில் ஒரு குற்றமும் இல்லை. இருந்தும் முதல் கரைகிறது.

நம் கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தால் எந்த நாளுக்குள் விற்க வேண்டும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அதைப் பார்த்து முன்னால் வந்ததை முன்னால் தள்ளுகிறோம். துவரையில் புதுப்பயிர் எப்போது வரும் என்பது மழையைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். அதற்கேற்பக் கையிருப்பைக் குறைத்துக்கொள்வோம். கேமராவுக்கும் காலாவதி நாள் உண்டு. ஆனால் அது பெட்டியில் அச்சடிக்கப்படுவதில்லை. தயாரிப்பாளர் மனதில் இருக்கிறது. நாள் அவருக்கு மட்டும் தெரியும்; நஷ்டம் மட்டும் கடைக்காரருக்கு. நாம் ஆட்சேபிப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

கேமராச் சரக்கிலும் இரண்டு ஜாதி உண்டு. பாடி என்பது பிஸ்கட் மாதிரி. சீக்கிரம் விற்றாக வேண்டும். லென்ஸ் என்பது ஆட்டுக்கல் மாதிரி. வருடக்கணக்கில் உழைக்கும், மதிப்பும் மெதுவாகத்தான் இறங்கும். பாடியை மாற்றுகிற ஸ்டூடியோக்காரர் அதே லென்ஸைப் புதுப் பாடியிலும் மாட்டிக்கொள்வார். ஆனால் லென்ஸ் மாட்டும் வாயை, அதாவது மவுண்ட்டை, கம்பெனி மாற்றிவிட்டால் ஆட்டுக்கல்லும் பிஸ்கட் ஆகிவிடும். கேனான் கம்பெனி 1987-இல் தன் பழைய மவுண்ட்டைக் கைவிட்டு, இ.ஓ.எஸ். கேமராக்களுக்குப் புது மவுண்ட் கொண்டுவந்தது. பழைய லென்ஸ் புதுப் பாடியில் நேராகப் பொருந்தவில்லை. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அடி. அதே கம்பெனி 2018-இல் மறுபடியும் மவுண்ட்டை மாற்றியது. இந்த முறை பழைய இ.ஓ.எஸ். லென்ஸைப் புதுப் பாடியில் பொருத்த ஓர் அடாப்டரையும் கூடவே விற்றது. அதனால் கடையில் இருந்த லென்ஸ்கள் ஒரே நாளில் செல்லாக்காசு ஆகவில்லை.

1959 முதல் ஒரே மவுண்ட்டைக் காப்பாற்றிவந்த நிக்கான் கம்பெனியும் 2018-இல் புது மவுண்ட்டுக்கு மாறியபோது அடாப்டர் கொடுத்தது. சில பழைய லென்ஸ்களுக்குத் தானாக ஃபோகஸ் ஆகும் வசதி மட்டும் கிடைக்கவில்லை. இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? தயாரிப்பாளர் மனம் வைத்தால், புதுசையும் கொண்டுவரலாம், பழைய சரக்கு வைத்திருப்பவரையும் காப்பாற்றலாம். 'முடியாது' என்ற பேச்சுக்கு இடமில்லை.

'வரப்போகிறது' என்ற செய்தி கடைக்காரரை மட்டுமல்ல, தயாரிப்பாளரையே கவிழ்த்ததாகவும் ஒரு கதை உண்டு. ஆடம் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயர் நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் சிறுவயதில் வளர்ந்தவர். 2003-இல் கொடைக்கானலில் காலமானார். அமெரிக்காவில் கம்பெனி வைத்து, கையில் தூக்கிச் செல்லக்கூடிய கம்ப்யூட்டரை 1981-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். எடை சுமார் பதினோரு கிலோ! இருந்தும் சரக்கு பறந்தது. 1983-இல் அடுத்த மாடல்கள் கடைக்கு வருமுன்பே அவற்றைப் பற்றிய பேச்சு வெளியே பரவிவிட்டது. 'புதுசு வரட்டும்' என்று பழையதற்குக் கொடுத்த ஆர்டர்களை டீலர்கள் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கம்பெனி திவாலானது. வேறு காரணங்களும் சேர்ந்தன என்பார்கள். ஆனால் முன்கூட்டிச் சொல்லி வியாபாரத்தை முடக்கிக்கொள்வதற்கு இன்றும் அவர் பெயரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு கம்பெனிகள் கற்றுக்கொண்ட பாடம் ரகசியம் காப்பது. தங்களைக் காத்துக்கொண்டார்கள். டீலரைக் காப்பதற்கு என்ன வழி என்று யோசித்தவர்கள் குறைவு.

இனி நம் கதைக்கு வருவோம். 2018 டிசம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் டிஜிட்டல் கேமராவுக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தது. அமலுக்கு வந்தது 2019 ஜனவரி முதல் தேதி. நடுவில் பத்து நாள். பத்து சதவீதம் குறையப்போகிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பத்து நாளில் கேமரா வாங்க யாருக்குத்தான் மனம் வரும்? அப்போது நாம் அதைப் பக்கத்துக் கடைச் சங்கதியாகப் பார்த்துவிட்டுப் போனோம்.

2025-இல் நம் முறை வந்தது. ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் வரிச் சீர்திருத்தம் வரும் என்று அறிவித்தார். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று சொல்லப்படவில்லை. செப்டம்பர் 3-ஆம் தேதி கவுன்சில் முடிவெடுத்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் ஆகியவை 18-லிருந்து 5-க்கு இறங்கின. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு இறங்கின. அமல் தேதி செப்டம்பர் 22. மக்களுக்கு நன்மை தரும் குறைப்பை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த முப்பத்தெட்டு நாளில் மொத்த வியாபாரிகள் பட்ட பாட்டையும் சொல்லியாக வேண்டும். சில்லறைக் கடைக்காரர்கள் 'இறங்கட்டும், பிறகு எடுக்கிறோம்' என்று ஆர்டரைக் குறைத்தார்கள். நடுவில் விநாயகர் சதுர்த்தி வந்தும் எங்கள் கிடங்கில் சோப்புப் பெட்டிகள் அசையவில்லை. 18 சதவீதம் வரி கட்டி வாங்கிய சரக்கை 5 சதவீத வரியில் விற்க நேர்ந்தபோது, மிச்ச வரி கணக்கில் வரவாக நின்றது. கையில் ரொக்கமாக வரவில்லை. விலை வித்தியாசத்துக்குச் சில கம்பெனிகள் உடனே கிரெடிட் நோட் கொடுத்தன. ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி மட்டும் 'மேலிடத்தில் கேட்கிறேன்' என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார். பெயர் இங்கே வேண்டாம், பட்டவர்களுக்குத் தெரியும்.

ஆக, மாடல் மாறினாலும் வரி மாறினாலும் அடி விழும் இடம் ஒன்றே. நாளைக்கு வரப்போவது இன்றைக்கு இருப்பதைக் கெடுக்கிறது. அந்தக் கேட்டின் முழுச் சுமையும் சரக்கைத் தாங்கி நிற்கும் வியாபாரி தலையில் இறங்குகிறது.

எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். வாடிக்கையாளர் ஓசூர்க் கடையில் கேமராவைக் கையில் வாங்கி, லென்ஸை மாட்டி, அரைமணி நேரம் சந்தேகம் கேட்டுவிட்டு, பெங்களூரிலோ ஆன்லைனிலோ வாங்கிக்கொள்கிறார். பெரிய ஊர்க் கடைக்காரர் மாதம் நூறு பாடி விற்பவர். மாடல் மாறும்போது மீந்துபோகும் பத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். மாதம் மூன்று விற்கும் நம் ஊர்க் கடைக்காரருக்கு ஆறு தேங்கினால் ஒரு வருட லாபம் போய்விடும். இப்படி இரண்டு முறை அடிபட்டவர் அடுத்த முறை சரக்கே வைக்க மாட்டார். அப்புறம் முகூர்த்த நாள் காலையில் கேமரா மக்கர் செய்தால், நம் ஊர் ஸ்டூடியோக்காரர் பெங்களூருக்கு ஓட வேண்டியதுதான்.

புதுமையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உலக அளவில் 2010-இல் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் தயாரிப்பாளர்களிடமிருந்து சந்தைக்குப் போயின. 2020-இல் அந்த எண்ணிக்கை ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டது. செல்போன் கேமராவை விழுங்கிவிட்டது. அந்தச் செல்போனின் பாகங்கள் நம் ஓசூர் வட்டாரத்து டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகின்றன. போனில் கிடைக்காததைக் கேமராவில் கொடுத்தால்தான் கம்பெனி பிழைக்கும். அதற்குப் புது மாடல் வந்துதான் ஆக வேண்டும். நாம் கேட்பது, அந்தப் புதுமையின் செலவில் தயாரிப்பாளரும் பங்கெடுக்க வேண்டும் என்பதே.

இதற்குச் சங்கம் மூன்று கோரிக்கைகளை எடுத்துச் செல்ல வேண்டும் என்பது நம் கருத்து. முதலாவது, புது மாடலோ புது விலையோ அறிவிக்கப்பட்ட நாளுக்கு முந்திய அறுபது நாளில் டீலர் வாங்கி விற்காமல் வைத்திருக்கும் சரக்குக்கு விலை வித்தியாசத்தைக் கம்பெனி ஈடுசெய்ய வேண்டும். அது வாய்ச்சொல்லாக இல்லாமல் டீலர் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது, 'புதுசு இரண்டு வேண்டுமானால் பழையது ஐந்து எடு' என்று கட்டிவிடும் வழக்கம் ஒழிய வேண்டும். இது கேமராவில் மட்டுமல்ல, நம் சோப்பிலும் டீத்தூளிலும் நடப்பதுதான். மூன்றாவது, அரசு வரியை மாற்றும்போது அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையிலான நாட்களைக் குறைக்க வேண்டும். கையிருப்புச் சரக்குக்கு என்ன வழி என்பதை அறிவிப்பு வரும் அன்றே சொல்ல வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை நம் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும். இரண்டு வருடம் கடந்த மாடலை ஸ்கீமுக்கு ஆசைப்பட்டு வாங்கிக் குவிக்கக் கூடாது. கம்பெனி ஏன் திடீரென்று கழிவை அதிகரிக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும். பாடியை ஆர்டருக்குத் தகுந்தபடி வாங்கி, லென்ஸ், பேட்டரி, மெமரி கார்டு, பை போன்ற நின்று விற்கும் சரக்கில் முதலைப் போடுவது நல்லது. வாடிக்கையாளரிடமும் ஒளிக்காமல் பேச வேண்டும். 'வைகாசி முகூர்த்தத்துக்கு ஆர்டர் கையில் இருக்கிறதா? இருந்தால் இன்றே வாங்குங்கள். அந்த வருமானம் புது மாடல் வருகிற வரை காத்திருக்காது. ஆர்டர் இல்லையென்றால் பொறுத்திருங்கள்' என்று சொல்லும் கடைக்காரரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார். எட்டாத பலாக்காயை விடக் கையில் இருக்கும் களாக்காய் மேல் என்பது வாங்குபவருக்கும் பொருந்தும், விற்பவருக்கும் பொருந்தும்.

மளிகைக்காரர் வேறு, கேமராக்காரர் வேறு என்று பிரிந்து நின்றால் கம்பெனியின் மேலிடம் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: 'கேட்கிறேன்' என்று. அடுத்த செயற்குழுவில் இந்த மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக வைக்க வேண்டுகிறோம். அதற்கு முன்பாக உறுப்பினர்கள் ஒவ்வொருவரும், 2025 செப்டம்பர் 22 அன்று தங்கள் கிடங்கில் நின்ற சரக்கின் அளவையும், அதில் வந்து சேராத வித்தியாசத் தொகையையும் பேரேட்டிலிருந்து எடுத்துச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். புள்ளிவிவரம் இல்லாத புகாரை எந்த மேலிடமும் மதிக்காது.