தெரியாது என்றால் விட்டுவிடுமா சட்டம்?

சாலை விதி தெரியாது என்று சொல்லி எவரும் தப்ப முடியாது. நம் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, நடப்பைத் தவறாகப் புரிந்துகொண்டவருக்கு இடம் தருகிறது. சட்டம் அறியாதவருக்குத் தருவதில்லை. லைசென்ஸ் தேவைப்படாத சைக்கிளோட்டிக்கும் பாதசாரிக்கும் இதே நிலைதான்.

ஆனால் காரோட்டி தேர்வெழுதி விதி கற்கிறார். பினாங்கு ஜார்ஜ்டவுனின் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் வாடகை சைக்கிள் எடுக்கும் சுற்றுப்பயணிக்கும், சைக்கிளில் பள்ளி செல்லும் சிறுவனுக்கும் யார் கற்றுத்தருகிறார்கள்? ஜார்ஜ்டவுனில் பல இடங்களில், கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையைக் கடைச் சரக்கும் மோட்டார் சைக்கிளும் அடைத்து நிற்கின்றன. சாலையில் இறங்கித்தான் ஆகவேண்டிய மூதாட்டியிடம் விதி பேசுவது நியாயமல்ல.

சட்டம் வருவதோ விபத்துக்குப் பின்தான். 2017 பிப்ரவரியில், ஜொகூர் பாருவில் விடியுமுன் கூட்டமாகச் சைக்கிளோட்டிய 8 பதின்ம வயதினர் கார் மோதி மாண்டனர். வழக்கு 2023 வரை இழுபட்டு, காரோட்டியின் விடுதலையில் முடிந்தது. போன உயிர்களை எந்தத் தீர்ப்பும் மீட்கவில்லை.

மாநகர் கழகம் நடைபாதைகளை மீட்கட்டும். வாடகைக் கடைகள் விதியைச் சொல்லிச் சைக்கிள் தரட்டும். பள்ளிகள் சாலை விதிகளைத் தெருவிலேயே நடத்திக் காட்டட்டும். பெற்றோர்களே, பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கும் அன்றே சாலை விதியையும் சொல்லிக்கொடுங்கள்.