கடைசிப் புழு நாயின் காலில்

1986இல் வருசத்துக்கு ஏறக்குறைய 35 இலட்சம் பேரைப் பிடித்த ஒரு வருத்தம், 2024இல் உலகம் முழுக்கப் பதினைந்தே பேருக்குத்தான் வந்தது. அதற்குத் தடுப்பூசி இல்லை. குணமாக்குகிற குளிசையும் இல்லை. தமிழில் நரம்புச் சிலந்தி என்று சொல்லப்பட்ட கினிப் புழுதான் அது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே எழுதுவார்கள். எங்களுக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஏனென்றால் அதே 2024இல் அறுநூறுக்கும் மேற்பட்ட விலங்குகளில், முக்கியமாக நாய்களில், இதே புழு இருந்தது.

குளத்துத் தண்ணியைக் குடிக்கும்போது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்த்தெள்ளு ஒன்றும் சேர்ந்து உள்ளே போகும். அதற்குள் புழுவின் குஞ்சு இருக்கும். ஒரு வருசம் எந்த அறிகுறியும் இல்லை. பிறகு காலில் ஒரு கொப்புளம், நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல், அது உடைந்து ஒரு மீற்றர் வரை நீளமான புழு வெளியே தலை நீட்டும். அதை ஒரு சின்னத் தடியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் இழுத்தெடுக்க வேணும். எரிச்சல் தாங்காமல் காலைக் குளத்தில் வைத்தால் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணிக்குள் விட்டுவிடும். அந்தக் குளத்துத் தண்ணியைத்தான் ஊர் முழுக்கக் குடிக்கும்.

இதை நிற்பாட்டியவை மிகச் சாதாரணமான விசயங்கள். தண்ணியை வடிக்க நுண்ணிய துணி, கழுத்தில் கொழுவிக்கொண்டு போகும் வடிகுழாய், புழு வந்தவரைத் தண்ணிக்குள் இறங்க விடாமல் பார்த்துக்கொள்ளும் ஊர்த் தொண்டர்கள். 1995இல் சூடானில் இந்தப் புழுவுக்காகவே உள்நாட்டு யுத்தம் கிட்டத்தட்ட ஆறு மாதம் நிறுத்தப்பட்டது. பேசி முடித்தவர் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி காட்டர். (போலியோ சொட்டு மருந்துக்காக எங்கட யுத்தத்திலும் துவக்குகள் ஓய்ந்த நாட்கள் இருந்தன. அதை ஆர் இப்ப கதைக்கிறார்கள்?) தான் சாக முதல் கடைசிப் புழு சாக வேணும் என்றது காட்டரின் ஆசை. 2024 டிசம்பரில் அவர் காலமானபோதும் புழு மிச்சம் இருந்தது.

மிச்சம் வைத்தது நாய். மத்திய ஆபிரிக்காவின் சாட் நாட்டில் பத்து வருசமாக ஒரு நோயாளியும் பதிவாகவில்லை. 2010இல் புழு திரும்பத் தெரிந்தது. 2012இல் நாய்களில் கண்டார்கள். 2019இல் அந்த ஒரு நாட்டில் மட்டும் கிட்டத்தட்ட இரண்டாயிரம் நாய்களுக்கு. ஆற்றங்கரையில் மீன் வெட்டுகிற சனம் குடலை எறியும், நாய் அதைத் தின்னும், அந்த வழியாகவும் புழு போகிறது என்பதே இப்போதுள்ள விளக்கம்.

அங்கே இப்ப நடக்கிற வேலையைப் பாருங்கோ. மீன்குடலைப் புதைக்கச் சொல்கிறார்கள். புழு உள்ள நாயைக் கட்டி வைத்து அறிவித்தால் காசு கொடுக்கிறார்கள். டெங்கு நுளம்பின் குடம்பிக்குப் போடுகிற அதே மருந்தைக் குளங்களில் அளவாகப் போடுகிறார்கள். நாய்களைச் சுட்டுத் தள்ளுவது எங்கட ஊர்ச் சண்டியர்களுக்கு உடனே தோன்றக்கூடிய தீர்வு. அதைச் செய்தால் நாய் வைத்திருக்கிறவன் அடுத்த முறை நாயை ஒளித்துவிடுவான், புழு எங்கே இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாமல் போகும். ஆனால் கட்டிய நாய்க்கும் சாப்பாடு போட வேணும், அதுவரை வீட்டைக் காவல் காக்க வேறு வழி வேணும். உலகத்தின் பூச்சியக் கணக்குக்கான செலவை அந்த ஏழைக் குடும்பந்தான் முதலில் கட்டுகிறது. காசு கொடுப்பதை இலஞ்சம் என்று ஏளனம் செய்கிறவர்களோடு எங்களுக்குப் பேச்சில்லை.

சாட் எங்களுக்குத் தூரம்தான். பூச்சியம் என்ற சொல்லில் எங்களுக்கும் பங்கு உண்டு. யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஆக்கிவிட்டோம் என்று 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்று தந்தது. 2002 முதல் 2006 வரை எட்டு மாவட்டங்களில் சனத்துக்குக் குளிசை கொடுத்துச் சம்பாதித்த சான்று அது. பெருமைப்படலாம். ஆனால் யானைக்காலுக்குக் காரணமான புழுக்களில் ஒன்றான புறூகியா மலாயி 1960களோடு போய்விட்டது என்று நம்பியிருந்த நாடும் இதுதான். நாற்பது வருசம் கழித்து அது மனிசரில் திரும்பத் தெரிந்தது. நாயிலும் பூனையிலும் கண்டிருக்கிறார்கள். குளிசை குடித்தது நாங்கள் மட்டுந்தான், நுளம்போ நாயையும் எங்களையும் பிரித்துப் பார்த்துக் குத்துவதில்லை.

இங்கே மனிசரின் இரத்தம் ஒரு திணைக்களத்துக்குச் சொந்தம், நாயின் இரத்தம் இன்னொரு திணைக்களத்துக்கு. மிருக வைத்தியரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஒரே ஒழுங்கையில் வேலை செய்தாலும் இரண்டு பேரின் பதிவேடும் ஒரு மேசையில் சந்திப்பதற்கு வேறொரு கடிதம் வேணும். பெரிய திட்டம் ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை. யானைக்கால் தடுப்புப் பிரிவினர் இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுக்கிறார்களே, அடுத்த முறை வரும்போது ஒரு மிருக வைத்தியரையும் கூட்டிக்கொண்டு வரட்டும். வாசலில் படுத்திருக்கிற நாயிடமும் ஒரு துளி எடுக்கட்டும்.