இரைச்சலின் விலையைத் தொழிலாளியா செலுத்துவது?

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், தமிழ் எழுத்தர்கள் குடியேறி வளர்த்த வட்டாரம். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்த முதல் தலைமுறையினர், டல்ஹவுசி சதுக்கத்து வெள்ளையர் கம்பெனிகளில் தட்டச்சுப் பொறிகள் ஓயாது ஒலித்த கூடங்களில் உழைத்தனர். அதிகாரிக்குக் கதவுள்ள தனியறை, எழுத்தருக்குப் பொதுக்கூடம்.

தட்டச்சுப் பொறி மறைந்தது, கூடம் மறையவில்லை. இன்று அதே வட்டாரத்திலிருந்து சால்ட் லேக் ஐந்தாம் செக்டாருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞருக்குக் கிடைப்பது தடுப்பற்ற ‘திறந்த அலுவலகம்’. சுற்றிலும் பத்துப் பேர் தொலைபேசியில் பேச, நடுவே அமர்ந்து அவர் நிரலில் பிழை தேட வேண்டும்.

சுவர் நீங்கினால் கூட்டுழைப்பு பெருகும் என்கிறது நிர்வாகம். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பொய்யாக்கியது. திறந்த அலுவலகத்துக்கு மாறிய இரு நிறுவனங்களில் நேருக்கு நேர் உரையாடல் சுமார் 70 சதவீதம் குறைந்தது. பின் சுவர்களை இடிப்பது ஏன்? வாடகை மிச்சம், கண்காணிப்பு எளிது.

கவனம் சிதறி வேலை தாமதமானால் பழி தொழிலாளி மீது. ஈடுகட்ட ஊதியமற்ற கூடுதல் நேரம். காதடைப்பானைக்கூட அவரே வாங்க வேண்டும். இலாபம் நிறுவனத்துக்கு, தலைவலி தொழிலாளிக்கு!

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக்கி, பகலில் 50 டெசிபல் என வரம்பிட்டன. தீர்ப்பு எழுத அமைதி வேண்டும் என அறிந்த அரசுக்கு, கணக்கு எழுதவும் அது வேண்டும் எனத் தெரியாதா? தொழிற்சாலை விதிகளின் 90 டெசிபல் வரம்பு செவியைக் காக்க வந்தது. சிந்தனையைக் காக்க அல்ல. முதலாளித்துவ ஜெர்மனியே 2018இல், மிகுந்த கவனம் கோரும் பணிகளுக்கு 55 டெசிபல் என வரையறுத்துவிட்டது.

எட்டு மணி நேர வேலையையும் ஒரு காலத்தில் ஆடம்பரம் என்றனர். போராட்டமே அதைச் சட்டமாக்கியது. அலுவலக ஊழியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவையும் இடம்பெற வேண்டும்: சட்டபூர்வமான 55 டெசிபல் வரம்பு, தொழிலாளர் பிரதிநிதிகள் முன்னிலையில், வேலை நேரத்தில் ஒலி அளவீடு, தொலைபேசிப் பணிக்குத் தனியறை, நிர்வாகச் செலவில் ஒலி உறிஞ்சும் தடுப்புகள்.

அமைதி, முதலாளி மனமிரங்கித் தரும் சலுகையல்ல, உழைப்புக்குரிய நிபந்தனை.