நரம்பாய்வு நோயரின் மொழியிலேயே நிகழ்தல் வேண்டும்

மருத்துவத் துறையில் கருவியைவிடச் சொல்லையே மிகுதியும் சார்ந்து நிற்கும் ஆய்வு ஒன்று உண்டு. மூளையினின்று நேரே புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளின் நலத்தைக் கண்டறியும் ஆய்வே அது. ஒரு சிறு விளக்கு, ஓர் இசைக்கவை, ஒரு பஞ்சுத் திரி, பார்வை அட்டை ஒன்று, இவை போதும். எஞ்சியன யாவும் மருத்துவர் வாயிலிருந்து வரும் ஏவலும் நோயர் அதற்கு ஒழுகும் ஒழுக்கமுமேயாகும். ஏவல் விளங்காதவிடத்து நரம்பு பழுதின்றி இருப்பினும் பழுதுற்றதாகவே தோன்றும். மொழியால் நேர்ந்த பிழை, நோயாக ஏட்டில் ஏறிவிடும்.

இவ்வுண்மை எங்குப் பொருந்தாவிடினும் விருதுநகர் மாவட்டத்திற்குப் பொருந்தும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் வெடிமருந்தோடு வாழ்வாரின் கண்ணும் செவியும் முகமும் நாள்தோறும் கண்டத்தில் நிற்பவை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிப்பில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்திலும் பலர் மாண்டனர். மாண்டாரை நாடு எண்ணுகின்றது. உயிர் தப்பியவருள் எத்துணைப் பேர் செவிப்புலன் இழந்தனர், எத்துணைப் பேருக்குக் கண் இரட்டையாகத் தெரிகின்றது என்று எண்ணுவார் அரியர்.

வெடிப்பின் காற்றழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும்; உட்செவியையும் அதன் நரம்பையும் தாக்கும். இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள், மருத்துவமும் வெவ்வேறு. இவற்றைப் பிரித்தறிய இசைக்கவை ஒன்று போதும். அதிரும் கவையை உச்சித்தலையின் நடுவில் வைத்து, ஒலி எச்செவியில் மிகுதியாகக் கேட்கின்றது என்று வினவுவர். பறை கிழிந்தவர்க்குப் பழுதுற்ற செவியிலேயே ஒலி மிகும். நரம்பு கெட்டவர்க்கு நல்ல செவியில் மிகும். பின்னர்க் கவையைச் செவியின் பின்னெலும்பிலும் செவியின் முன்னும் மாறிமாறி வைத்து, எங்கு மிகுதி என்று வினவுவர். ஈண்டு விடை முழுதும் நோயரின் சொல்லே. "எந்தப் பக்கம் சத்தம் கூடுதலாக் கேக்குது, அண்ணாச்சி?" என்று கேட்டால் அவர் உடனே சொல்வார். அரைகுறை ஆங்கிலமும் கைச்சாடையுமாகக் கேட்டால், அதிர்வை உணர்ந்ததையே ஒலி கேட்டதாகத் தலையசைப்பார். அத்தலையசைப்பை நம்பிய மருத்துவர் இரு நோயையும் மாற்றிக் கொள்வார்.

வெடிப்பின்போது இடிந்த சுவரில் தலை மோதியவர்க்குக் கண்மணியே உயிர்க்காப்பு. மண்டைக்குள் குருதி கட்டி மூளையை நெருக்குங்கால் மூன்றாம் நரம்பு நசுங்கும். அப்பக்கத்துக் கண்மணி விரிந்து ஒளிக்குச் சுருங்காது நிற்கும். இதற்கு நோயரின் சொல் வேண்டா; விளக்கும் விழியும் போதும். ஆயின் ஆறாம் நரம்பு தளருங்கால் ஒன்று இரண்டாகத் தெரிதல் நோயர் சொல்லியே விளங்கும். கண் தீய்ந்து கட்டிடப்பட்ட நிலையில், நினைவு தெளிந்தவுடன் அவரிடம் கேட்க வேண்டிய முதல் வினாக்களுள் இதுவும் ஒன்று.

இனி ஏவல்களின் சொல்லமைப்பைக் காண்போம். ஏழாம் நரம்பாகிய முக நரம்பை ஆய்வதற்கு ஆங்கில நூல்கள் பல்லைக் காட்டுமாறு கூறச் சொல்கின்றன. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒரு தமிழ்ப் பெண்ணிடம் "பல்லைக் காட்டு" என்பாரேல், அது இழிவுரையாகவே அவர் செவியில் விழும். தமிழில் பல்லைக் காட்டுதல் என்பது இளித்தலும் இரத்தலும் குறிக்கும் வழக்கு. அவர் வாயை மூடி நாணுவார்; மருத்துவர் முகத்தசை தளர்ந்ததென எழுதுவார். "ஈ-ன்னு சொல்லுங்கம்மா" என்றால் போதும், உதடு இருபுறமும் இழுபடும். "கன்னத்தை உப்புங்க, காத்தை விடாதீங்க" என்பதும், "கண்ணை இறுக்கி மூடுங்க" என்பதும் தமிழர் யாவர்க்கும் எளிதில் விளங்கும்.

நெற்றியைச் சுருக்கச் சொல்வதில் உயிர்நிலை ஒன்று அடங்கியுள்ளது. ஒருபுற முகம் கோணியவர்க்கு நெற்றி சுருங்குமாயின், மூளையில் குருதியோட்டம் தடையுற்றதால் வந்த கோணல் என்று ஐயுறல் வேண்டும். நெற்றியும் சுருங்காவிடின் முக நரம்பே பழுதுற்றது எனலாம். முன்னதற்குக் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து, தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் தரப்பெறல் வேண்டும். பின்னதற்கு அத்துணை விரைவு வேண்டா. இருவேறு நிலைகளைப் பிரிக்கும் அச்சுருக்கம், ஒரு சொல் விளங்குதலாலேயே நிகழ்கின்றது. "மேலே பாருங்க, புருவத்தைத் தூக்குங்க" என்னும் இரண்டு சொற்றொடருக்கும் எவரும் பொருள் தேட வேண்டா.

பேச்சுறுப்புகளை ஆயும் பகுதிதான் தமிழர்க்கு மிகவும் உரியது. நாவை இயக்கும் பன்னிரண்டாம் நரம்பும், உள்நாக்கையும் தொண்டையையும் இயக்கும் ஒன்பதும் பத்தும், உதட்டை இயக்கும் ஏழும் எவ்வாறு உள்ளன என்பதை நோயரின் ஒலிப்பே காட்டும். ஆங்கில மருத்துவ நூல்கள் இதற்கெனப் "பிரிட்டிசு கான்சுட்டிட்யூசன்" போன்ற தொடர்களைச் சொல்லச் சொல்கின்றன. இத்தொடரைச் சாத்தூரில் தீப்பெட்டிக் குச்சி அடுக்கும் ஒரு மூதாட்டி சொல்லத் தடுமாறினால், அது எந்நரம்பின் நோய்?

தொல்காப்பியத்து எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலே உண்டு. பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறக்குமென்றும், தகரமும் நகரமும் நாநுனி பல்லின் அடியைப் பொருந்தப் பிறக்குமென்றும், ககரமும் ஙகரமும் அடிநாவும் அண்ணமும் சேரப் பிறக்குமென்றும், மெல்லெழுத்துகள் மூக்கின் ஒலியைப் பெறுமென்றும் அவ்வியல் வகுத்துரைக்கின்றது. உலகெங்கும் நரம்பு மருத்துவர் இன்று கேட்பதும் இதுவே: ப, த, க. பகரம் தளர்ந்தால் உதடும் ஏழாம் நரம்பும். தகரம் தளர்ந்தால் நாவும் பன்னிரண்டாம் நரம்பும். ககரம் தளர்ந்தால் அண்ணமும் அடிநாவும். அண்ணம் மேலெழாதாயின் காற்று மூக்கின்வழி கசியும். அப்போது "பட்டம்" என்பது "மட்டம்" போல ஒலிக்கும். வல்லினம் மெல்லினமாகத் திரிதலைச் செவியாலேயே உணரத் தமிழ் மாணவனுக்கு வேறு பயிற்சி வேண்டா. தொல்காப்பியர் நரம்பு நூல் செய்தார் என்பது இதன் பொருளன்று. அவ்வாறு கூறித் திரிவது நூலுக்கும் மருத்துவத்திற்கும் பெருமையாகாது. எழுத்தின் பிறப்பிடத்தை இத்துணை நுட்பமாக ஆய்ந்த மொழியில், நரம்பாய்வைக் கற்பிக்க இடையூறு ஒன்றும் இல்லை என்பதே பொருள்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. ழகரத்தைத் தமிழின் சிறப்பெழுத்தாகப் போற்றுவோர், நோயரிடம் "வாழைப்பழம்" என்று சொல்லச் சொல்லி, "வாளைப்பளம்" என்று வந்தால் நாத் தளர்ந்ததென முடிவு செய்யலாகாது. தென்மாவட்டங்களில் ழகரத்தை ளகரமாக ஒலிப்பது பலருடைய பிறவி வழக்கு. முன்னர் இவர் எவ்வாறு பேசினார் என்று உடன் வந்த மகளையோ மருமகளையோ கேட்டுணர்ந்த பின்னரே முடிவு கூறல் வேண்டும். மக்களின் பேச்சை அறியாத தூய்மை, மருத்துவத்திற்குப் பயன்படாது.

மணமறியும் முதல் நரம்பிலும் இந்நிலையே. அமெரிக்காவில் 1984இல் வெளிவந்த நாற்பது மணங்கள் கொண்ட முகர்வுத் தேர்வு ஒன்று உலகெங்கும் பயன்படுகின்றது. அதன் மணங்களுள் சில, அந்நாட்டு உணவுகளுக்கே உரியவை. அவற்றை அறியாதவர் மூக்கு கெட்டவர் ஆகிவிடுவாரோ? காப்பித்தூளும் மல்லிகையும் கறிவேப்பிலையும் இங்குள்ள எவர்க்கும் தெரியும். நவச்சார ஆவி போன்ற காரமான பொருள்களைத் தவிர்த்தல் வேண்டும். அவை முகத்து உணர்வு நரம்பாகிய ஐந்தாம் நரம்பையே தூண்டி, முகர்வு கெட்டவரையும் முகம் சுளிக்கச் செய்யும்.

வெடித்தொழில் வட்டாரத்தின் சொல்வழக்கிலும் மருத்துவர் கருத்துச் செலுத்துதல் வேண்டும். அங்கு "மருந்து" எனின் வெடிக்கலவையே முதற்பொருள். மருந்து கலத்தலும் மருந்து செலுத்துதலும் தொழிற்சொற்கள். "மருந்துல எவ்வளவு நாளா இருக்கீங்க?" என்று கேட்டால்தான் அவர் தம் பணியைச் சொல்வார், உட்கொண்ட மருந்தைக் கேட்பதாயின் "மாத்திரை, ஊசி" என்று விளக்கிக் கேட்டல் நன்று. அவ்வட்டாரத்தில் வேலை தேடி வந்த வடநாட்டுத் தொழிலாளிக்கும் இவ்வறம் பொருந்தும். அவரை அவர்தம் மொழியிலேயே ஆய்தல் வேண்டும். தாய்மொழியின் உரிமை தமிழர்க்கு மட்டும் உரியதன்று.

ஆங்கிலத்திலும் இலத்தீனத்திலும் உள்ள பெயர்கள் உலகப் பொதுவாயிற்றே என்பார் உளர். அப்பெயர்களின் பொருளை நோக்குக. 1778இல் செருமானியராகிய சொம்மெரிங் பன்னிரண்டு இணைகளாக வரிசைப்படுத்திய இந்நரம்புகளுள் நான்காவதன் பெயர்க்குப் பொருள் "கப்பி". அந்நரம்பு இயக்கும் தசையின் நாண் கப்பிபோன்ற ஒரு வளையத்தினூடே திரும்புவதால் அப்பெயர். பத்தாவதன் பெயர்க்குப் பொருள் "அலைவது". அது தலையினின்று வயிறுவரை அலைந்து செல்கின்றது. பன்னிரண்டாவது, "நாவின் கீழது". கப்பி நரம்பு, அலை நரம்பு, நாவடி நரம்பு எனத் தமிழில் கூறினால் மாணவன் பொருளோடு கற்பான். உலகப் பெயரையும் உடன் கற்கட்டும், அதனைத் தடுப்பாரில்லை. பொருள் விளங்காத ஒலிக்கோவையை மனப்பாடம் செய்வதையே கல்வி என்பதுதான் தவறு. செருமானியரும் சப்பானியரும் தம் மொழியில் மருத்துவம் கற்று உலகோடு உறவாடவில்லையா?

தமிழில் முடியுமா என்னும் வினாவிற்கு விடை யாழ்ப்பாணத்தில் முன்னமே எழுதப்பட்டது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன், மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். 1872இல் உடற்கூற்றுப் பெருநூலொன்றை "மனுஷ அங்காதிபாதம்" என்னும் பெயரில் வெளியிட்டார். பிறமொழியாளர் ஒருவர் செய்த அத்தொண்டை நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் நூற்பெயரே அதன் குறையைக் காட்டுகின்றது: எழுத்து தமிழ், சொல் வடமொழி. ஒரு வேற்றுமொழிச் சொல்லின் இடத்தில் இன்னொரு வேற்றுமொழிச் சொல்லை வைத்தால், கற்பவனுக்கும் நோயர்க்கும் இருள் நீங்காது. அவர்க்குப் பின் அம்முயற்சி நிலைத்து நிற்கவும் இல்லை.

விருதுநகரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. வெடித்தொழிலாளர் நடுவே அமைந்துள்ள அக்கல்லூரி இப்பணியைத் தொடங்க மிகவும் பொருத்தமானது. முதற்கண், பன்னிரண்டு நரம்புகளுக்கும் உரிய ஏவல்களையும் வினாக்களையும் தெற்கத்தி மக்கள் பேச்சில் எழுதி ஒரே தாளில் அச்சிடுதல் வேண்டும். அத்தாளை மருத்துவர் ஒருவரும் தமிழறிந்தார் ஒருவரும் கூடி எழுதி, தொழிலாளர் நூற்றுவரிடம் சொல்லிப் பார்த்து, விளங்காத சொல்லை நீக்குதல் வேண்டும். மருத்துவ மாணவரின் செய்முறைத் தேர்வில் ஒரு நோயரைத் தமிழில் ஆய்ந்து காட்டுதலுக்கு மதிப்பெண் ஒதுக்குதல் வேண்டும். சிவகாசி, சாத்தூர் அரசு மருத்துவமனைகளின் நேர்ச்சிப் பிரிவுச் சுவர்களில் அத்தாள் ஒட்டப்பெறல் வேண்டும். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா, சட்டமும் வேண்டா.

தமிழ் ஆட்சிமொழியாதல் வேண்டுமென மேடைதோறும் முழங்குகின்றோம். புகை படிந்த முகத்தோடு கட்டிலில் கிடக்கும் ஒரு தொழிலாளியிடம் மருத்துவர் கேட்கும் முதல் வினா தமிழில் அமைந்து, அவர் அதனை உணர்ந்து விடை கூறுவாராயின், அவருடைய கண்ணோ செவியோ அவ்விடையால் காக்கப்படும். அவ்வொரு தாளை எழுதுவதற்குத் தமிழாசிரியரும் மருத்துவரும் இன்றே கூடி அமர்க.