வீடு கிணற்றை நெருங்கும்போதும் விதி வேண்டும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபயர்ஸ்டோன் என்ற ஊரில் 2017 ஏப்ரல் 17 அன்று ஒரு வீடு வெடித்துச் சிதறியது. தரைக்கடியில் இருந்த அறையில் வாட்டர் ஹீட்டரை மாற்றிக்கொண்டிருந்த இருவர் உயிரிழந்தனர். ஒரு பெண் படுகாயமடைந்தார். வீட்டுக்கு 200 அடிக்கும் குறைவான தொலைவில் 1993-இல் தோண்டப்பட்ட எண்ணெய்-எரிவாயுக் கிணறு இருந்தது. கைவிடப்பட்டதாகக் கருதப்பட்ட ஒரு அங்குலக் குழாய், கிணற்றுப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்படாமல், மறுமுனை அறுபட்டு வீட்டின் அடித்தளத்துக்கருகே மண்ணில் புதைந்து கிடந்தது. அதில் கசிந்த வாயு அடித்தள வடிகால் வழியே வீட்டுக்குள் புகுந்தது. சமையல் எரிவாயுவில் கசிவை உணர்த்துவதற்காகவே வாசனைப் பொருள் கலக்கிறார்கள். கிணற்றிலிருந்து நேரே வரும் வாயுவில் அது கிடையாது. மீத்தேன் காற்றில் 5 சதவீதத்தை எட்டினால் ஒரு தீப்பொறியே போதும்.

இந்த விபத்தின் வேர் நில விதிகளில் இருந்தது. அன்றைய கொலராடோ விதிப்படி, புதிய கிணறு தோண்டுபவர் வீடுகளிலிருந்து 500 அடி விலகியிருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கிணற்றை நோக்கி வீடு வரும்போது அந்தத் தூரம் கட்டாயமில்லை. முடிவு உள்ளூர் நிர்வாகத்தின் கையில். கிணறு வீட்டை நெருங்கினால் ஆபத்து, வீடு கிணற்றை நெருங்கினால் ஆபத்தில்லை என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு பயனற்ற குழாய்களைத் துண்டிக்கவும் பதிவு செய்யவும் அந்த மாநிலம் விதி வகுத்தது. புதிய கிணறுகளுக்கான தூரத்தை 2,000 அடியாக உயர்த்தியது. கலிஃபோர்னியாவும் 2022-இல் புதிய கிணறுகளுக்கு 3,200 அடி தூரத்தை நிர்ணயித்தது. இரண்டு மாநிலங்களிலும் கிணறு தோண்டுபவருக்குப் போட்ட கடிவாளம் வீடு கட்டி விற்பவருக்கு அதே அளவில் போடப்படவில்லை. என் வாதம் இதுதான்: தூரமும் சோதனையும் இருபக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்; மனைக்கு ஒப்புதல் தரும் முன்பே அவை நிறைவேற வேண்டும்.

முறையாக மூடிய கிணறு பாதுகாப்பானதுதானே என்று கட்டுமானத் துறையினர் கேட்கிறார்கள். இன்றைய தரத்தில் சிமென்ட் அடைத்து மூடிய கிணறு பழைய கிணற்றைவிட எவ்வளவோ மேல், அதை மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இறக்கிய இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். அதைச் சுற்றிய சிமென்ட் சுருங்கி இடைவெளி விடும். நூறாண்டுக்கு முந்தைய கிணறுகள் பலவற்றில் மரக்கட்டையும் மண்ணும் போட்டே மூடினார்கள். பழைய எண்ணெய் வயல்மீது எழுந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் 1985 மார்ச் 24 அன்று ஒரு துணிக்கடை மீத்தேனால் வெடித்து 23 பேர் காயமடைந்தனர். வாயு எண்ணெய்ப் படிவிலிருந்து வந்ததா, மக்கிய தாவரங்களிலிருந்து வந்ததா என்று நிபுணர்கள் நெடுங்காலம் மாறுபட்டனர். வெடித்த பிறகும் மூலத்தைச் சொல்ல முடியாத இடத்தில், மூடியாயிற்று என்ற காகிதத்தை மட்டும் நம்பி எப்படி வீடு கட்டுவது? மீத்தேன் பகுதிகளில் மண்ணைச் சோதித்து, தேவைக்கேற்பத் தரைக்கடியில் தடுப்புத் தாளும் வாயு வெளியேறும் குழாயும் அமைக்க வேண்டும் என்ற விரிவான விதியை அந்த நகரம் கொண்டுவந்ததே 2004-இல்தான்.

வீட்டுப் பற்றாக்குறை தலைவிரித்தாடும்போது நிலத்தைத் தரிசாகப் போடலாமா என்பது வலுவான ஆட்சேபம். வாடகை கொடுத்தே களைத்துப்போன குடும்பங்களை நினைத்தால் இதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் கேட்பது தரிசு அல்ல. கிணற்றைச் சுற்றிய இடத்தில் பூங்கா, சாலை, வாகன நிறுத்தம் வரலாம். மூடிய கிணறு மீண்டும் கசிந்தால் அதைத் திறந்து சரிசெய்ய உயரமான இயந்திரம் வந்து நிற்க இடம் வேண்டும். மேலே வீடு எழும்பிவிட்டால் அந்த வழியே அடைபட்டுவிடும். செலவை யார் ஏற்பது என்பது அடுத்த கேள்வி. தோண்டிய நிறுவனம் இருந்தால் அதுவே ஏற்க வேண்டும். பல இடங்களில் அந்த நிறுவனங்கள் இன்று இல்லை. அப்படி அநாதையான கிணறுகளை மூட அமெரிக்க அரசு 2021-இல் 470 கோடி டாலர் ஒதுக்கியது. அது மக்களின் வரிப்பணம். வயலை மனையாக்கும்போது நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்கிறது. சோதனைச் செலவை அந்த லாபத்திலிருந்து எடுப்பதே நியாயம். வீட்டை வாங்கியவர் தலையில் அதைக் கட்டுவது அநியாயம்.

காவிரிப் படுகைக்கும் இது அந்நியமான பிரச்சினை அல்ல. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஓஎன்ஜிசி பல பத்தாண்டுகளாகக் கிணறுகள் தோண்டியிருக்கிறது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய்-எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே இயங்குபவற்றைத் தொடவில்லை. அவையும் ஒருநாள் வற்றும், மூடப்படும். மனை வாங்குபவர் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் அலசிப் பார்க்கிறார். ஆனால் வில்லங்கச் சான்று காட்டுவது பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயை அது காட்டாது. ஆகவே மூடிய கிணறு, கைவிட்ட குழாய் ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் மூடிய தேதியையும் சர்வே எண்ணோடு சேர்த்து வருவாய்த் துறைப் பதிவில் ஏற்ற வேண்டும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கேட்பவர் அந்த வரைபடத்தையும் வாயுச் சோதனை அறிக்கையையும் இணைத்தாக வேண்டும். கிரயப் பத்திரத்திலும் அந்த விவரம் இடம்பெற வேண்டும். கிணறுகள் எங்கே என்று தெரிந்த பொறியாளர்களும் ஆவணங்களும் இன்று நம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. பதிவேட்டை அரசு இப்போதே தொடங்கட்டும்.